பெற்றோர் சொல் அம்பலம் ஏறுமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. தவணைதோறும் பணங்கட்டிப் பிள்ளையைப் படிப்பிக்கின்ற பெற்றோரை ஏழையர் என்றல் பொருந்தாது. எனினும் அவர்தம் சொல்லும் அம்பலம் ஏறக் காணேன். ஏறுதற்கு அம்பலம் என ஒன்று இருந்தாலன்றோ ஏறுவது? தமிழ்ப் பகுதிகளில் தனியார் நடத்துகின்ற சிறிய கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் சொல்லுவனவற்றைச் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகின்ற எனக்கு இவ்வினா மீண்டும் மீண்டும் எழுகின்றது.

கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் என்றவுடன் வாசகர் நெஞ்சில் வட்டுக்கோட்டையும் உடுவிலும் சுண்டிக்குளியும் தோன்றும். இருநூறு ஆண்டு நிழலும் கல்மண்டபமும் பழைய மாணவர் சங்கமும் தோன்றும். யான் சொல்லப் புகுந்தவை அவையல்ல. வாடகைக்கு எடுத்த ஒரு கல்வீடு. முன்விறாந்தையிற் பாலர் வகுப்பு. நடுக்கூடத்தைப் பலகையால் மறித்து இரண்டு வகுப்பு. கார் நின்ற கொட்டில் இப்பொழுது கணினி அறை. பிள்ளைகள் நூறு பேர் இருந்தால் அதிகம். நிறுவியவர் பெரும்பாலும் ஒரு போதகர்; அதிபர் அவர்தம் மனைவியார். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். சித்திரை வெயிலிலும் பிள்ளைகள் கழுத்துப்பட்டி கட்டியிருப்பர். பாடத்திட்டம் சிலவற்றில் இலங்கையது, சிலவற்றில் இலண்டனது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் இத்தகையன ஊருக்கு ஒன்றாய்த் தோன்றலாயின. சில சத்தமின்றி மறைந்தும் போயின. இவற்றுள் எதனையும் பெயர் சுட்டுதல் என் கருத்தன்று. பெயர் சுட்டினால் அப்பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சாய் முடியும். பொருளைப் பற்றிய பேச்சு நின்றுவிடும்.

பிராசீன பாடசாலையிலே பண்டித வகுப்புக்கு இலக்கணஞ் சொல்லுகின்றவனுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு தமிழால் வந்தது. அப்பள்ளிக்கூடங்களில் தமிழுக்குக் கிழமையில் இரண்டு பாடவேளை, மிஞ்சினால் மூன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'வாழைப்பழம்' எழுதும்போது ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே தத்தளிப்பதைக் கண்ட பெற்றோர், மாலையிற் கூட்டிக்கொண்டு தமிழ் வாத்தியார் வீடு தேடி வருகின்றனர். பிள்ளை உள்ளே கொப்பி எழுதும். பெற்றோர் வெளித்திண்ணையில் இருந்து பேசுவர். பேச்சு எங்கே தொடங்கினும் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும்.

ஒரு தாயார், வங்கியில் உத்தியோகம், சைவக் குடும்பம். நல்லூர்க் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையும் ஒருநேர உணவோடு விரதம் இருப்பவர். மகனுக்குத் திக்குவாய். முன்பு படித்த பெரிய பாடசாலையில் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல். வாசிப்பு முறை தன்னை அணுகும்போது அவன் வெளியே போகக் கேட்பான், ஆசிரியரும் விட்டுவிடுவார். கெட்ட எண்ணத்தாலன்று, நாற்பதில் ஒன்று குறைந்ததே போதும் என்ற களைப்பினால். சின்னப் பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்புக்குப் பதினொரு பேர். அதிபர் அம்மையார் அவனை நாடோறும் காலையிலே தம் அறைக்கு அழைத்து, சங்கீதப் புத்தகத்தில் ஒரு வசனத்தைத் தம்மோடு சேர்ந்து வாசிக்கச் செய்தார். திக்குவாயுடையார் பலர் பிறரோடு கூடிப் படிக்கும்போது திக்குவதில்லை. இது வைத்தியர் அறிந்த உண்மையே. ஆயினும் அதனைச் செய்து பார்க்க ஒருவர்க்கு நேரம் வேண்டும். நேரம் உண்டாக வகுப்பிற் பதினொரு பிள்ளை வேண்டும். மூன்றாந் தவணையிற் பையன் காலை வழிபாட்டில் எல்லார் முன்னும் தனியே வாசித்தான். தாயார் சொன்னார்: "அவன் வாய் திறந்தது அங்கைதான் ஐயா. அது தேவாரமோ சங்கீதமோ எண்டு நான் பார்க்கேல்லை."

இச்சொல்லைக் கேட்டுச் சைவ அபிமானிகள் முகஞ் சுளித்தல் கூடும். யான் சுளிக்கமாட்டேன். அந்தப் பையன் என் திண்ணையிலே பாடம் வாசிக்கின்றான், கேட்டுக்கொண்டிருக்கின்றேன்.

இனி ஒரு தகப்பனார். பட்டினத்திலே கடை வைத்திருப்பவர். அவர் பிள்ளை படித்ததும் இத்தகைய ஒரு பள்ளிக்கூடமே. "ஒரு வருஷத்துக்குள்ள மூண்டு ரீச்சர்மார் மாறிப்போட்டினம். ஏன் எண்டு கேட்டால், ஆண்டவர் வழி காட்டுவார் எண்டு சொல்லுகினம். நான் காசு கட்டினது ரீச்சருக்கு ஐயா." ஆசிரியைகள் ஏன் போகின்றனர் என்பது மறைபொருளன்று. பல்கலைக்கழகப் பெறுபேற்றுக்கோ அரசாங்க நியமனத்துக்கோ காத்திருக்கும் இளம் பெண்கள் இடைக்காலத்துக்கு வந்து சேர்கின்றனர். வேதனம் சிறிது, ஓய்வூதியம் இல்லை, நியமனக் கடிதம் வந்த மறுநாள் விடைபெறுகின்றனர். அவர்களைக் குறை கூறுதல் நெறியன்று. ஆனால் வருடத்தின் நடுவிற் கட்டணத்தை ஏற்றியபோது தகப்பனார் காரணங் கேட்டார். விருப்பமில்லாவிட்டாற் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று விடை வந்தது. கூட்டிக்கொண்டு போகவும் முடியவில்லை. நிலுவை முழுவதுங் கட்டும்வரை விடுகைப் பத்திரம் தரப்படாது என்றனர். கட்டிப் பெற்று அரசாங்கப் பாடசாலைக்குப் போனால், ஆங்கிலத்திற் கணிதமும் விஞ்ஞானமும் படித்த பிள்ளையைத் தமிழ் மொழிமூல வகுப்பில் எங்கே இருத்துவது என்று அவர்கள் தயங்கினர். பிள்ளை ஒரு வகுப்புக் கீழே இறங்கியது. இறங்கிய பிள்ளைக்கு வயது பத்து.

பிள்ளைகள் பெற்றோரைப்போல் நீளப் பேசுவதில்லை. ஒரு சிறுவன் செய்வதைமட்டும் சொல்லுகின்றேன். காலையிற் பாட்டியார் திருநீறு பூசி அனுப்புவார். ஒழுங்கை திரும்பும் இடத்திலே அவன் கைலேஞ்சியால் அதனைத் துடைத்துவிடுவான். பின்னேரம் வீடு திரும்பும்போது, சட்டைப் பையிற் கடதாசிச் சுருளில் வைத்திருக்கும் திருநீற்றை அதே இடத்தில் மீண்டும் பூசிக்கொள்ளுவான். துடைக்கும்படி யாரேனும் சொன்னார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை" என்றான். அப்படியானால் ஏன் என்றேன். "மிஸ் பார்ப்பா" என்றான். மிஸ் பார்த்து என்ன செய்வார் என்றதற்கு, ஒன்றும் செய்யார் என்பதே மறுமொழி. ஒன்றும் செய்யாத பார்வைக்கு ஒன்பது வயதுப் பிள்ளை தன் நெற்றியை இரண்டு தரம் திருத்திக்கொள்கின்றது. இதனை மதமாற்றம் என்று கூக்குரலிடுதல் பொய். இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றலும் பொய்.

சைவர்க்கே இவ்வல்லல் என்று நினைத்தல் வேண்டா. தென்னிந்தியத் திருச்சபையிற் பரம்பரையாக வந்த ஒரு பாட்டியார், கிறிஸ்தவப் பள்ளிக்கூடந்தானே என்ற நம்பிக்கையோடு பேத்தியைச் சேர்த்தார். சில மாதத்தில் அப்பெண்பிள்ளை, குழந்தைப் பருவத்திலே தனக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாமே என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புதிய சபையார் பலர், அறிவு வந்தபின் நீரில் மூழ்கிப் பெறுவதே ஞானஸ்நானம் என்னும் கொள்கையினர். அது அவர்களுடைய கொள்கை. அதனைப் பிடிக்க அவர்க்கு உரிமையுண்டு. ஆனால் விண்ணப்பப் படிவத்தின் எந்த மூலையிலும் அது எழுதப்படவில்லை. 'கிறிஸ்தவச் சூழல்' என்றமட்டில் எழுதியிருந்ததாம்.

நன்றி கூறுகின்ற தாயாரும் மனம் நொந்த தகப்பனாரும் இரு வேறு வகைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசுவதாக முதலில் தோன்றும். உற்று நோக்கின் இரண்டும் ஒரே மரத்துக் காய்கள். அதிபர் அம்மையாருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும், நோயும் தெரியும், வீட்டுக் கதையும் தெரியும். அதனாலேதான் திக்குவாய் திறந்தது. அதே அம்மையாரே அதிபர், முகாமையாளர், பொருளாளர், வழிபாட்டுத் தலைவி. முறைப்பாடு செய்வதாயின் அதனைக் கேட்பவரும் அவரே. எவர்மேல் முறைப்பாடோ அவரும் அவரே. அவர் நல்லவராயின் பள்ளிக்கூடம் சொர்க்கம். அவர் களைத்தாலோ கடன்பட்டாலோ கோபித்தாலோ அதற்கு மேலே ஒரு படி இல்லை. பள்ளிக்கூடத்தின் சிறுமை என்னும் ஒரே குணம் அருளாகவும் வருகின்றது. அடைபட்ட கதவாகவும் வருகின்றது.

முற்காலத்து மிசன் பள்ளிக்கூடங்களிலும் இந்நிலைதானே என்று சிலர் கேட்கின்றனர். அன்று. அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 இல். வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இலும் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை 1824 இலும் தொடங்கின. அக்காலத்து மிசனரிமார் தம் நோக்கத்தை மறைத்தாரல்லர். மதத்துக்கு ஆள் சேர்ப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். விடுதிப் பிள்ளைகட்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டினார்கள். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனது அவ்வாறே. நம்மூர்ப் பெற்றோரும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஒப்படைத்தாரல்லர். கல்வியை வாங்கிக்கொண்டு மதத்தைத் திருப்பிக் கொடுத்த வல்லமை அவர்க்கு இருந்தது. செமினரியிற் படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் பின்னாளிற் சைவராய் விளங்கியமை யாவரும் அறிந்தது.

மிசனாரும் இதனை அறியாதிருக்கவில்லை. ஆங்கிலக் கல்வியாற் கிறிஸ்தவர் பெருகவில்லை என்ற கணக்குப் பார்த்துத்தான் 1855 இற் செமினரியை மூடினர். மூடியபின் என்ன நடந்தது என்பதே நம் பொருளுக்கு வேண்டியது. ஊரவர் சும்மா இருக்கவில்லை. உயர்கல்விக்கு ஓர் இடம் வேண்டும் என்று விடாது கேட்டனர், பணமுஞ் சேர்த்தனர். 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பதினேழு ஆண்டு சென்றாயினும் பெற்றோர் சொல் அம்பலம் ஏறியது.

ஏறியதற்குக் காரணங்கள் இருந்தன. ஒன்று போட்டி. வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், வண்ணார்பண்ணையில் 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மிசனாரின் வகுப்புமுறையையும் அச்சுக்கூடத்தையும் படிமுறையாய் அமைந்த பாடப்புத்தகத்தையும் அவர் கைக்கொண்டமை பெற்றோர்க்குப் பெரிய பலமாயிற்று. இங்கே மனம் பொருந்தாவிட்டால் அங்கே போகலாம் என்ற வாய்ப்பு உண்டாகிவிட்டது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923 இற் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் அவ்வாய்ப்பை ஊர்தோறும் பரப்பின.

மற்றையது, மேற்பார்வை. 1869 இற் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றியபின், உதவிநன்கொடை பெறுகின்ற பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவார். இடாப்பைப் பார்ப்பார், பிள்ளையை வாசிக்கச் சொல்லுவார், பிழை கண்டால் நன்கொடை குறையும். அவர் வருகின்ற நாளிற் சுவருக்கு வெள்ளையடித்த கதைகளைச் சொல்லிச் சிரிக்கின்றோம். சிரித்தாலும், ஆண்டில் ஒருநாளேனும் வெளியாள் ஒருவன் உள்ளே வந்து பார்த்தான் என்பது சிறிய காரியமன்று. உதவி பெறும் பாடசாலையிலே தம் பிள்ளையைப் பிறமதப் பாடத்திலிருந்து விலக்கிவைக்கும் உரிமையும் மனச்சாட்சி விதி என்ற பெயரோடு பெற்றோர்க்குக் காலப்போக்கில் வந்து சேர்ந்தது. பயன்படுத்தியோர் எத்துணையர் என்பது வேறு. உரிமை எழுத்தில் இருந்தது.

இவ்விரண்டும் எப்படி இல்லாமற் போயின? 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கையிற் கொண்டுவந்தன. தென்னிலங்கையிற் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளே புகுந்திருந்து, இரவு பகலாய்ப் படுத்துறங்கி எதிர்த்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிறேசியஸ் வந்து சமாதானஞ் செய்யும்படி ஆயிற்று. பெற்றோர் சொல் இந்நாட்டில் அவ்வளவு உரத்து ஒலித்த காலம் வேறில்லை. பெரிய பாடசாலைகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாய்த் தனித்து நின்றன. பல்லாண்டு பழைய மாணவர் கைகொடுத்தனர். பின்னாளில் ஆசிரியர் வேதனத்தை அரசு ஏற்றது. ஏனையவெல்லாம் அரசாங்கப் பாடசாலைகளாயின. அம்மட்டில் நின்றிருந்தால் நம் வினாவே எழாது.

ஆனால் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகட்குத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை தாபித்தல் கூடாது என்று விதித்தது. சட்டம் கதவை அடைத்தது. 1977 இன்பின் வந்த திறந்த பொருளாதாரம் யன்னலைத் திறந்துவிட்டது. பாடசாலையாக அன்றிக் கம்பனியாகப் பதிவு செய்துகொண்டு சர்வதேசப் பாடசாலை என்ற பெயரோடு கொழும்பில் தோன்றின. பின்னர் எங்கும் பரவின. நம் சின்னப் பள்ளிக்கூடங்கள் பலவும் அவ்வழியே வந்தவை. வேறு சில பாலர் பாடசாலையாய்த் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே வளர்ந்தவை. இதனால் விளைந்த வேடிக்கை யாதெனில், சட்டத்தின் கண்ணுக்கு இவை பாடசாலைகளே அல்ல. கம்பனிப் பதிவாளர் பங்குதாரர் யார், பணிப்பாளர் யார் என்று கேட்பார். ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிப்பவர் யார் என்று கேட்கமாட்டார். கேட்பது அவர் தொழிலும் அன்று. வலயக் கல்விப் பணிமனைக்குப் போனால், அது எங்கள் ஆளுகைக்கு உட்பட்டதன்று என்று சொல்லித் திருப்பிவிடுவர். அவர்கள் சொல்லுவதும் உண்மை.

நீதிமன்றமும் எட்டாத தூரம். அரசாங்கப் பாடசாலையில் முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம், பலர் போகின்றனர். 1978 ஆம் ஆண்டு யாப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் எல்லார்க்கும் தருகின்றது. ஆனால் 126 ஆம் உறுப்புரையின்படி அவ்வழக்கு நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராகவே செல்லும். ஒழுங்கை முனையிலே திருநீறு துடைக்கின்ற பிள்ளைக்கும் அவன் பள்ளிக்கூடத்துக்கும் இடையே உள்ளது வெறும் ஒப்பந்தம், பற்றுச்சீட்டு ஒன்று.

பெற்றோர் ஏன் ஒன்றுகூடிக் கேட்பதில்லை என்று தூரத்திலிருப்போர் வியக்கின்றனர். நூறு பிள்ளைகள் படிக்கின்ற இடத்தில் அது எளிதன்று. ஆசிரியை மைத்துனியாக இருப்பார். போதகர் மாமனாரின் நோய்ப்படுக்கையில் ஜெபித்தவராக இருப்பார். கேட்டவருடைய பிள்ளை யார் என்பது மறுநாளே வகுப்பில் தெரியும். அன்றியும் ஆங்கிலக் கல்வி என்று ஊருக்குச் சொல்லிப் பெருமையோடு சேர்த்தவர், அங்கே பாடம் நடக்கவில்லை என்று எந்த வாயாற் சொல்லுவார்? ஆகவே குறையெல்லாம் பள்ளிக்கூடப் படலையிலே தாய்மார் கூடும் அந்தக் கால்மணி நேரத்தோடு முடிகின்றன. படலைதான் இப்பொழுது இவர்களுடைய கல்விப் பணிமனை. அங்கே தீர்ப்பு விரைவில் வரும். ஆனால் பாதி வதந்தி. நல்ல ஆசிரியை ஒருத்தியின் பெயர் அங்கே கெட்டுப்போனதையும் அறிவேன். கேட்டறிய முறையான இடம் இல்லாதபோது குற்றமற்றவர்க்கும் நியாயம் கிடையாது என்பதைப் பள்ளிக்கூடம் நடத்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சின்னப் பள்ளிக்கூடங்களுக்குமட்டும் உரிய நோய் இதுவென்றும் கொள்ளற்க. 2016 செப்டெம்பரில் உடுவில் மகளிர் கல்லூரியிலே அதிபர் மாற்றத்தை எதிர்த்து மாணவியர் போராட்டத்தில் இறங்கினர். அதன் நியாய அநியாயங்களை இங்கே ஆராயப் புகவில்லை. 192 ஆண்டு வாழ்ந்த ஒரு தாபனத்திலே மாணவியர் தம் சொல்லை ஏற்றுதற்குத் தெருவாசலே அம்பலமாயிற்று என்பதைமட்டும் குறிக்கின்றேன். அங்கேயாவது ஊர் திரும்பிப் பார்த்தது. உலகெங்கும் உள்ள பழைய மாணவியர் திரும்பிப் பார்த்தனர். வாடகை வீட்டிலே நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவரே இன்னும் பிறக்கவில்லை.

இவற்றை மூடிவிடவேண்டும் என்று சொல்லுகின்ற அன்பர் சிலர் என்னிடமும் ஆதரவு கேட்டு வந்தனர். மூடினால் அந்தத் திக்குவாய்ப் பையனை எங்கே அனுப்புவது என்று கேட்டேன். விடையில்லை. நாவலர் மிசன் பள்ளிக்கூடத்தை மூடும்படி எவரிடமும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. தாம் ஒன்று திறந்தார். பதினொரு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று ஒரு பாலர் வகுப்பை நம் சைவச் சங்கங்கள் இன்று நடத்திக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

மறுபுறத்திலே, கேள்வி கேட்டாலே துன்புறுத்தல் என்று கொள்ளுகின்ற கிறிஸ்தவ நண்பர்களும் உளர். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. புதிய வழிபாட்டிடங்கள் பற்றிய 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வந்தபின், பதிவு எங்கே என்ற கேள்வி சிறிய சபைகளைத் தேடித் தேடி வந்தது. கேட்டவர் எல்லாரும் நல்லெண்ணத்தோடு கேட்டாரல்லர். பதிவு என்ற சொல்லே அவர்க்குக் கசக்கின்றது. ஆயினும் ஜெபவீடு வேறு, பள்ளிக்கூடம் வேறு. ஜெபவீட்டுக்கு வளர்ந்தவன் தானே நடந்து போகின்றான். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கைபிடித்துக் கொண்டுபோய் விடுகின்றோம்.

சர்வதேசப் பாடசாலைகளை ஒழுங்குசெய்தல் பற்றிக் கொழும்பிலே பலதரம் பேசியிருக்கின்றனர். பேசும்போது அவர்கள் கண்முன் நிற்பவை ஆயிரக்கணக்கிற் பிள்ளைகளும் நீச்சற் குளமும் உடைய பெரிய தாபனங்கள். அவற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை வாடகை வீட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாட்டினால் அது மூச்சு முட்டி மடியும். நாம் கேட்கவேண்டியது சிறிது. முதலில், பாடசாலையைப் பாடசாலை என்று சட்டம் ஒப்புக்கொள்ளட்டும். 1961 ஆம் ஆண்டுத் தடை புத்தகத்திலும், பள்ளிக்கூடம் தெருவிலும் இருக்கின்ற பாசாங்கு ஒழியட்டும். கற்பிப்போர் பெயரும் தகுதியும் ஓர் இடத்தில் எழுதப்படட்டும். காலை வழிபாட்டில் என்ன நடக்கும், சமயமாக எதைப் படிப்பிப்பர், விலகி நிற்க விரும்பும் பிள்ளை அந்நேரத்தில் எங்கே இருக்கும் என்பது சேர்க்கும் நாளிலேயே பெற்றோர் கையில் எழுத்திற் கொடுக்கப்படட்டும். பழைய மனச்சாட்சி விதிக்கு இதைவிட வேறு பொருளில்லை. கட்டணம் ஏறுவதாயின் ஒரு தவணைக்கு முன்னே அறிவித்தல் வேண்டும். விடுகைப் பத்திரம் பிள்ளையின் உடைமை. கடனுக்கு ஈடாக அதனைப் பிடித்துவைத்தல், கடன்காரன் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துவைப்பதற்கு ஒப்பாகும். கடனை அறவிட வேறு வழி உண்டு. இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஒரு கோவையும் ஒரு பேனையும் போதும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. என்னிடம் பிள்ளையை விடுகின்ற தாய்மார் நால்வர், ஒரே பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், அண்மையில் ஒரு கடிதம் எழுதினர். தமிழுக்குக் கிழமையில் ஐந்து பாடவேளை வேண்டும் என்பது ஒன்று. காலை வழிபாட்டுக்கு நிற்காத பிள்ளைகளை நூலக அறையில் இருக்க விடவேண்டும் என்பது மற்றொன்று. நால்வருள் இருவர் சைவர், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் அந்தச் சபையையே சேர்ந்தவர். எழுதியபின் சந்தி பிழை பார்க்கும்படி என்னிடம் காட்டினர். இரண்டு இடத்தில் ஒற்று மிகாமல் விட்டிருந்தனர், திருத்திக் கொடுத்தேன். அதிபர் அம்மையார் நால்வரையும் அழைத்துத் தேநீர் கொடுத்தாராம். இவ்வளவு காலம் ஒருவரும் இப்படிக் கேட்கவில்லையே என்றாராம். தமிழுக்கு நான்கு பாடவேளை ஒப்புக்கொண்டார். நூலக அறை பற்றிப் போதகரோடு பேசிச் சொல்லுவதாகக் கூறினார். கடிதத்தின் மேலே திகதி குறித்துக் கையெழுத்திட்டுக் கோவையில் வைத்தார். புதிய கோவையாம், அதில் முதலாவது தாள் அதுவே.